ரத்ததானம் முடிந்து வந்த போன்

கேள்வி: எனக்கு வயது 31. மதுரையில் ஒரு முகாமில் ரத்தம் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி பாசிட்டிவ் என்றார்கள். எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை. அங்கே குத்திய ஊசியால் வந்திருக்குமா? வேறொரு முகாமில் கொடுத்துப் பார்க்கலாமா? மனைவி ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறார்.
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: வேறு முகாமில் கொடுத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஐந்துக்கும் சோதிக்காமல் எந்த ரத்தப் பையையும் நோயாளிக்கு ஏற்றக்கூடாது என்பது சட்டம். ஆனால் கிருமி புகுந்த புதிதில் சில வாரங்களுக்கு எலிசா என்ற வழக்கமான ரத்தச் சோதனையில் ஒன்றும் தெரியாது. கிருமியின் மரபணுவையே தேடும் நாட் சோதனை அந்த இடைவெளியைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. சோதனை செய்துகொள்ள முகாமுக்கு வருகிறவர்களை நினைத்தால்தான் எங்களுக்குப் பயம். ஒரே பையைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரித்து மூன்று பேருக்குக்கூட ஏற்றுவோம்.

ஊசி மேல் பழி வேண்டாம். அது பையோடு சேர்ந்தே வரும். ஒருவருக்கு ஒன்று, அப்புறம் குப்பைக்கு. சோதித்ததும் அன்று எடுத்த ரத்தத்தைத்தான். அன்று குத்திய ஊசியால் வந்த கிருமி அன்றைய ரத்தத்திலேயே எப்படித் தெரியும்?

பின்னே எங்கிருந்து? பிறக்கும்போது தாயிடமிருந்து வந்திருக்கலாம். நம் ஊரில் பலருக்கு அப்படித்தான். நீங்கள் பிறந்த காலத்தில் அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் இது கிடையாது. குலதெய்வம் கோயிலில் ஒரே கத்தியில் வரிசையாக மொட்டை போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். காது குத்து, பச்சை குத்தல் எல்லாம் இதே கதைதான். காமாலை வராமலே இந்தக் கிருமி பல வருடம் கல்லீரலில் குடியிருக்கும்.

சரி, இப்போது என்ன செய்வது? ரத்த வங்கி செய்தது முதல்கட்டச் சோதனை. அது சில சமயம் தப்பாகவும் காட்டும். சமீபத்தில் இதற்கான தடுப்பூசி போட்டிருந்தால்கூட சில நாட்கள் பாசிட்டிவ் வரலாம். அவர்கள் தரும் சீட்டோடு பெரியாஸ்பத்திரிக்குப் போய் மறுபடி சோதியுங்கள். உறுதியானால் கல்லீரல் சோதனை, வைரஸ் அளவு, ஸ்கேன் பார்ப்பார்கள். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது; பலருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்காணித்தாலே போதும். 2018 முதல் நடக்கும் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மருந்தும் இலவசம். கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், அது இந்தக் கிருமியை விரட்டாது. உறுதியானால் இனி ரத்தமும் கொடுக்க முடியாது.

ஒரே தட்டில் சாப்பிடலாம், குழந்தைகளைக் கொஞ்சலாம். ரேசர், டூத் பிரஷ் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும். மனைவிக்குச் சோதனையில் இல்லையென்று வந்தால், கர்ப்பத்திலேயே தடுப்பூசி தொடங்கலாம். மூன்று தவணை, முடியும்வரை ஆணுறை. அவருக்கும் இருந்தால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் போடவேண்டும். அதற்குப் பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மனைவியையும் கூட்டிப் போங்கள்.