வங்கி மேலாளர் பரிந்துரைக்கும் புதிய ஃபண்டில் சேரலாமா?

மாதம் 5,000 ரூபாயை எஸ்.ஐ.பி. (மாதத் தவணை) முறையில் முதலீடு செய்ய விரும்புவதாகவும், புதிதாக வரும் ஒரு மியூச்சுவல் ஃபண்டில் (பலரின் பணத்தைத் திரட்டிப் பங்குகள் போன்றவற்றில் போடும் திட்டம்) யூனிட் பத்து ரூபாய்க்கே கிடைக்கும் என்று வங்கி மேலாளர் சொல்வதாகவும், அதில் சேரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில்.

பத்து ரூபாய் யூனிட் மலிவானது என்ற எண்ணம் தவறு. 10,000 ரூபாய்க்குப் பத்து ரூபாய் ஃபண்டில் 1,000 யூனிட்டுகளும், என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு) 200 ரூபாயாக உள்ள பழைய ஃபண்டில் 50 யூனிட்டுகளும் கிடைக்கும். இரண்டும் வைத்திருக்கும் பங்குகள் பத்து விழுக்காடு உயர்ந்தால், இரண்டிலும் உங்கள் பணம் 11,000 ரூபாய்தான். பழைய ஃபண்டு சந்தையின் ஏற்ற இறக்கங்களில் எப்படி நடந்துகொண்டது என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். புதியதில் அதற்கு வழியில்லை.

இதைவிட முக்கியமானது, விண்ணப்பத்தில் ஃபண்டின் பெயரோடு ரெகுலர் என்று இருக்கிறதா, டைரக்ட் என்று இருக்கிறதா என்பது. பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் உத்தரவுப்படி 2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு ஃபண்டிலும், முகவர் இன்றி நேரே வாங்கும் டைரக்ட் திட்டம் உண்டு. பங்குகளும் ஃபண்டு மேலாளரும் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் ரெகுலர் திட்டத்தில், நீங்கள் முதலீட்டைத் தொடரும் காலம் முழுவதும் விற்றவருக்குத் தரகு போய்க்கொண்டிருக்கும். அது செலவு விகிதத்துக்குள் (ஃபண்டை நடத்த உங்கள் பணத்திலிருந்து எடுக்கப்படும் விழுக்காடு) அடங்கி, அன்றாடம் கழிக்கப்பட்ட பிறகே என்.ஏ.வி. வெளியாவதால் பலரும் கவனிப்பதில்லை. பங்குசார் ஃபண்டுகள் பலவற்றில் இந்த வேறுபாடு ஆண்டுக்கு அரை முதல் ஒரு விழுக்காடு வரை இருக்கிறது. மாதம் 5,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டுகள் போட்டால் நீங்கள் செலுத்துவது 12 லட்சம். ஆண்டுக்கு 12 விழுக்காடு வளர்ந்தால் அது ஏறத்தாழ 50 லட்சமாகும், 11 விழுக்காடு என்றால் 44 லட்சத்தை எட்டாது. இந்த வளர்ச்சிக்கு எவரும் உறுதி தர முடியாது. ஒரு விழுக்காட்டின் கனத்தைக் காட்டவே இக்கணக்கைச் சொல்கிறேன். சந்தை விழும்போது உடனிருந்து வழிகாட்டும் முகவருக்கு அந்தத் தரகு தகும். விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கியதோடு விலகிவிடுபவருக்கு அதை ஏன் கொடுக்க வேண்டும்?

தொடக்கநிலை முதலீட்டாளருக்கு நான் சொல்வது, செலவு விகிதம் குறைந்த நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டு (ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீட்டை அப்படியே பின்பற்றுவது) ஒன்றின் டைரக்ட் குரோத் (ஆதாயத்தை வெளியே தராமல் ஃபண்டிலேயே வளரவிடும்) திட்டத்தையே. பான் எண்ணும் கே.ஒய்.சி.யும் (அடையாளச் சரிபார்ப்பு) இருந்தால் ஃபண்டு நிறுவனத்தின் இணையதளத்திலேயே தொடங்கலாம். ஆனால் ஐந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தை, குறிப்பாகப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தை, இதில் போட வேண்டாம். 2020 ஜனவரியில் 12,000 புள்ளிகளுக்கு மேல் இருந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று 8,000-க்குக் கீழே முடிந்தது. அவ்வாண்டு இறுதிக்குள் இழந்ததை மீட்டு மேலேயும் சென்றது என்றாலும், இடையில் பணம் தேவைப்பட்டு விற்றவர்களுக்கு அந்த மீட்சியால் பயனில்லை.

ஏற்கெனவே ரெகுலர் திட்டத்தில் யூனிட்டுகள் இருந்தால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். டைரக்டுக்கு மாற்றுவது வரிக்கணக்கில் விற்பனையாகவே கொள்ளப்படும். பல ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் வெளியேறினால் கட்டணமும் உண்டு. எனவே பழைய எஸ்.ஐ.பி.யை நிறுத்தி, புதிய தவணைகளை மட்டும் டைரக்டில் தொடங்குங்கள். பங்குசார் ஃபண்டுகளில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகளின் ஆதாயத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை தற்போது வரி இல்லை என்பதால், பழைய யூனிட்டுகளை அந்த வரம்புக்குள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ளலாம்.