நாவலின் கதாநாயகி மாற்றுத்திறனாளி. காதல் கதையை உண்மையாக எழுதுவது எப்படி?

கேள்விக்குக் கீழே நீங்கள் தந்த குறிப்பையும் படித்தேன். இன்றைய காலத்துக் கதை. நாயகிக்கு 24 வயது, சிறு வயதில் போலியோ வந்ததால் காலிப்பர் (காலைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம்) போட்டு இரண்டு ஊன்றுகோல்களோடு நடக்கிறாள். நாயகன் முதலில் தயங்குகிறான், ஒருநாள் அவளைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறான், கடைசியில் அவளை 'ஏற்றுக்கொள்கிறான்'. அந்தக் கடைசிச் சொல்தான் என்னை இங்கே எழுத உட்கார வைத்தது.

நானும் காலிப்பர் போட்டு நடப்பவள். ஒன்றரை வயதில் போலியோ, இப்போது வயது 49, திருமணமாகிப் 19 வருடம். எனக்குத் தெரிந்தது என் உடம்பு ஒன்றுதான். எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எழுத்தாளரின் கற்பனைக்கு வேலி போடவும் வரவில்லை. வக்கீலைப் பற்றி எழுதினால் நாலு பேரிடம் நடைமுறை விசாரிக்கிறோம். உடம்பைப் பற்றி எழுதும்போது மட்டும் கேட்கக் கூச்சப்பட்டு நாமே ஊகித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான் என் வருத்தம்.

முதலில் வயதைச் சரிபாருங்கள். அமெரிக்கக் கண்டங்கள் போலியோ இல்லாதவை என்று 1994இல் சான்று பெற்றன, ஐரோப்பா 2002இல், தென்கிழக்காசியா 2014இல். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் கடைசியாக ஒரு குழந்தைக்கு வந்தது 2011 ஜனவரியில். இன்று 24 வயதுப் பெண்ணுக்குப் போலியோ இருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. எங்கே பிறந்தாள், எந்த வருடம் என்று நீங்கள் கணக்குப் போட்டாக வேண்டும். பழைய கதைகளில் பார்த்த ஊன்றுகோலை அப்படியே எடுத்து இன்றைய பெண்ணிடம் கொடுத்தால், 'இந்தக் காலம்' என்று நீங்கள் சொல்வதே பொய்யாகிவிடும்.

அப்புறம், காரணம் மாறினால் உடம்பே மாறும். போலியோ தசையை இயக்கும் நரம்புகளைத்தான் தாக்குகிறது, தொடு உணர்வு அப்படியே இருக்கும். என் காலில் ஒரு எறும்பு ஊர்ந்தாலும் எனக்குத் தெரியும். விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட பெண்ணுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே உணர்வு போயிருக்கலாம். அப்போது உட்கார்ந்தே இருப்பதால் வரும் புண்ணுக்குப் பயந்து, பேச்சுக்கு நடுவிலும் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி உட்காருவாள். காதல் கதையில் தொடுதல் வராமல் இருக்குமா? எங்கே உணர்வாள், எங்கே உணரமாட்டாள் என்று தெரியாமல் அந்த இடத்தை எப்படி எழுதுவீர்கள்?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பதினொரு வருடத்துக்கு முன் நான் ஒரு குறுநாவல் எழுதினேன். நாயகி என்னைப் போன்றவள். ஒரு பத்திரிகை ஏற்றுக்கொண்டது. அச்சில் பார்த்தபோது முடிவு என்னுடையதாக இல்லை. அறுவைச் சிகிச்சை நடந்து, அவள் ஊன்றுகோலை வீசிவிட்டு அவனை நோக்கி ஓடுகிறாள். நடுவில், நான் எழுதாத ஒரு வரி: 'உணர்வற்ற அவள் கால்களை அவன் வருடினான்.' என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, "வாசகர்களுக்கு நிறைவு வேணும்மா" என்றார்கள். நான் ஆசையோடு எழுதிய பெண்ணுக்கு என் பெயரிலேயே இப்படிச் செய்துவிட்டார்களே என்று அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அதனால் உங்கள் கதையை எங்காவது கொடுக்கும்போது, கேட்காமல் திருத்தக் கூடாது என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் நாயகனுக்கு வருவோம். என் கணவரும் நானும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். முதல்முறை சேர்ந்து வெளியே நடந்தபோது அவர் கேட்டது இதுதான்: "நான் எந்தப் பக்கம் நடந்தா உங்களுக்கு வசதி?" அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. முன்னால் வேகமாகப் போய்விட்டு நின்று திரும்பிப் பார்ப்பார்கள், இல்லையென்றால் என் தோளைப் பிடிப்பார்கள். "வலது பக்கம் வாங்க, இடது கோல் கொஞ்சம் அகலமாப் போகும்" என்றேன். இன்றுவரை வலது பக்கம்தான்.

நாங்கள் கைகோத்து நடந்ததே கிடையாது. இரண்டு கையிலும் கோல் இருக்கிறதே! உட்கார்ந்தால்தான் கை விடுதலையாகும். உட்காரவும் ஒரு முறை உண்டு. காலிப்பரில் முழங்காலின் இரு பக்கமும் உள்ள வளையப் பூட்டுகளை மேலே தூக்கினால்தான் கால் மடங்கும். டக், டக் என்று சத்தம் வரும். புதியவர்கள் முன் அந்தச் சத்தத்துக்காகவே நான் நின்றுகொண்டே பேசிய நாட்கள் உண்டு. அவர் ஒருநாள் சொன்னார்: "அந்தச் சத்தம் கேட்டா எனக்குச் சந்தோஷமா இருக்கும். இனி கொஞ்ச நேரம் எழுந்து போக மாட்டீங்கன்னு தெரியும்ல." அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் மனம் போனது.

ஆனாலும் சம்மதம் சொல்ல எட்டு மாதம் எடுத்தேன். அவருக்குக் கடன் இருந்தது, கோபம் வந்தால் நாட்கணக்கில் பேசாமல் இருப்பார். யோசித்தவள் நான், காத்திருந்தவர் அவர். ஆனால் இரண்டு வீட்டு உறவுகளும் அவரிடம் போய் "உங்களுக்குப் பெரிய மனசு" என்றார்கள். என்னிடம் யாரும் "ஏன் இவரைப் பிடித்தது" என்று கேட்கவே இல்லை. 2006இல் ஐ.நா. நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23ஆவது பிரிவு, திருமணத்தையும் குடும்பத்தையும் எங்கள் உரிமை என்று சொல்கிறது. உங்கள் நாயகியும் அவனை எடைபோடட்டும். அவனிடம் பிடிக்காதது நாலு இருக்கட்டும். 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை மேடையில் வையுங்கள், அவள் மனசுக்குள் வைக்காதீர்கள். என்னைப் பற்றி நினைக்கும்போது எனக்கு அந்தச் சொல் ஒருநாளும் வருவதில்லை.

காது கேளாத நாயகியாக மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் தோழி ஒருத்தி உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்பவள். 'மாலை'யும் 'பாலை'யும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பாள், பேச்சின் போக்கை வைத்து ஊகிக்க வேண்டும். முகத்தில் வெளிச்சம் விழாவிட்டால் ஒன்றுமே தெரியாது. அவளிடம் இருட்டில் காதைக் கடித்துக் காதல் சொல்லும் காட்சியை எழுதிவிடாதீர்கள். மீதியை அப்படிப்பட்ட ஒருவரிடமே கேளுங்கள், எனக்குத் தெரியாது.

கடைசியாக அந்தத் தூக்கும் காட்சி. அலுவலக விழா ஒன்றில் உதவுவதாக நினைத்து ஒருவர் என்னை அப்படியே தூக்கி மேடையில் உட்கார வைத்தார். கோல்கள் கீழேயே கிடந்தன. ஒரு மணி நேரம் கழிப்பறைக்குக்கூடப் போக வழியில்லாமல், கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காட்சியை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், காதலில் தூக்குவதும் உண்டுதான். அவளே கேட்ட பிறகு அவன் தூக்கட்டும். மேலே கொண்டுபோய் உட்கார வைத்ததும், திரும்ப இறங்கிப்போய் இரண்டு கோல்களையும் எடுத்துவந்து அவள் கைக்கு எட்டும் இடத்தில் சாய்த்து வைக்கட்டும்.

அந்த அத்தியாயம் எழுதி முடித்ததும் இங்கேயே போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.