கேள்வி-பதில்: கார்டைக் கழற்றும் முன் மீட்டரை எடுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிஎல்சியின், அதாவது மெஷினை ஓட்டும் சிறு கணினியின், இன்புட், அவுட்புட் கார்டுகளைப் பற்றியவை. சென்சார், ஸ்விட்சுகளின் செய்தியை உள்ளே கொண்டுவருவது இன்புட் கார்டு; வால்வு, மோட்டாருக்குக் கட்டளையை வெளியே கொண்டுபோவது அவுட்புட் கார்டு. எழுதியவர்களில் பலர் கார்டை மாற்றிப் பார்த்துவிட்டு, கோளாறு போகாததால் எழுதியிருக்கிறார்கள். புதுக் கார்டு போட்டும் கோளாறு அப்படியே இருக்கிறது என்றால் காரணம் மெஷின் பக்கம் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல அது. மல்டிமீட்டரை வைத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எங்கள் பருப்பு பேக்கிங் மெஷினில் ரிலே அவுட்புட் கார்டின் மூன்றாவது சேனல் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒட்டிக்கொள்கிறது. இரண்டு கார்டு மாற்றியாகிவிட்டது. தயாரிப்பே மட்டமா?
– விருதுநகர் வாசகர்

மட்டமில்லை. அந்தச் சேனலில் இருப்பது பை வெட்டும் சிலிண்டரின் சோலினாய்டு (காற்று வால்வைத் திறக்கும் மின்காந்தக் காயில்) என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிமிடத்துக்கு 20 பை, நாளுக்கு 20 மணி நேரம் என்றால் 24,000 தடவை. மாதம் 25 நாள் ஓட்டினால் 6 லட்சம், மூன்று மாதத்தில் 18 லட்சம். கார்டுக்குள் இருக்கும் சிறிய ரிலே (மின்காந்தம் இழுத்து மூடும் ஸ்விட்ச்) முழுச் சுமையில் சுமார் ஒரு லட்சம் தடவை தாங்கும்; சுமை குறைந்தால் சில லட்சம். உங்கள் ரிலே தன் ஆயுளுக்கு மேலேயே உழைத்திருக்கிறது.

இந்த வேலைக்குத் தேயும் கான்டாக்ட் இல்லாத டிரான்சிஸ்டர் அவுட்புட்தான் சரி. 24 வோல்ட், 10 வாட் சோலினாய்டு 0.4 ஆம்பியர்தான் இழுக்கும், 0.5 ஆம்பியர் சேனல் அதைத் தாங்கும். காயிலின் குறுக்கே ஒரு 1என்4007 டயோடைப் போடுங்கள். கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். சோலினாய்டை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் காயில் நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் திருப்பி அடிக்கிறது. அது கார்டுக்கு வந்து சேரும் முன் காயிலின் வாசலிலேயே அடங்க வேண்டும். அதனால் டயோடைப் பேனலில் போடாமல் சோலினாய்டின் பக்கத்தில் போடுங்கள். டயோடு போட்டால் வால்வு விடுபடுவது சற்றுத் தாமதமாகும். வெட்டும் நேரம் தள்ளிப்போவதாகத் தெரிந்தால் டயோடுடன் ஒரு ஜெனர் டயோடைத் தொடராக, எதிர்த் திசையில் சேருங்கள். ஏசி காயிலுக்கு டயோடு போடவே கூடாது. அதற்கு ஆர்சி ஸ்னப்பர் (தொடராகச் சேர்த்த ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும்).

புது ப்ராக்ஸி போட்டேன். அதன் விளக்கு எரிகிறது, கார்டில் விளக்கு எரியவில்லை. வயரிங் சரிதான்.
– கே.புதூர் வாசகர்

ப்ராக்ஸி என்பது இரும்பு பக்கத்தில் வந்ததும் சிக்னல் தரும் சென்சார். பழையது பிஎன்பி, நீங்கள் வாங்கி வந்தது என்பிஎன். சிக்னல் வரும் கறுப்பு வயரில் பிஎன்பி பிளஸைக் கொடுக்கும், என்பிஎன் மைனஸைக் கொடுக்கும். கறுப்பு வயரைக் கார்டிலிருந்து எடுத்துவிட்டு, பழுப்புக்கும் (பிளஸ்) கறுப்புக்கும் இடையே மீட்டரை வையுங்கள். இரும்பைக் காட்டும்போது 24 வோல்ட் வந்தால் அது என்பிஎன். கடைக்குப் போகும்போது பழைய சென்சாரைக் கையோடு கொண்டு போங்கள். காமனை (எட்டு சேனலுக்கும் பொதுவான டெர்மினலை) பிளஸ், மைனஸ் திருப்பிப் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள். அந்தக் காமனில் இருக்கும் மற்ற ஏழு சென்சார்களும் செத்ததுபோல் ஆகிவிடும்.

அவுட்புட் வேலை செய்யவில்லை. என்ன செய்வது? உடனே பதில் தேவை.
– பெயரும் ஊரும் இல்லை

ரிலேயா, டிரான்சிஸ்டரா, ட்ரையாக்கா (ஏசிக்கான மின்னணு ஸ்விட்ச்)? 24 வோல்ட்டா, 230-ஆ? கார்டில் விளக்கு எரிகிறதா? டெர்மினலில் எத்தனை வோல்ட்? சுமை என்ன? ஒரு சேனல் மட்டுமா, எட்டுமா? இவற்றில் ஒன்றுகூட இல்லாத கடிதத்துக்கு யாராலும் பதில் எழுத முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பல கார்டுகளில் அந்த விளக்கு பிஎல்சி பக்கத்தில் இருக்கிறது. 'கட்டளை வந்துவிட்டது' என்பதற்குத்தான் அது சாட்சி. மின்சாரம் வெளியே போனதற்குச் சாட்சி அல்ல. எட்டு சேனலும் ஒன்றாகச் செத்திருந்தால் காமனின் ஃபியூஸைப் பாருங்கள். மீட்டரை எடுத்து அளந்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

மூன்று வயர் ப்ராக்ஸிக்குப் பதில் இரண்டு வயர் ப்ராக்ஸி போட்டோம். இரும்பை எடுத்த பிறகும் இன்புட் சில நேரம் ஆன் ஆகவே நிற்கிறது.
– மேலூர் வாசகர்

இரண்டு வயர் ப்ராக்ஸி தன்னை உயிரோடு வைத்துக்கொள்ளவே ஒரு சின்ன மின்னோட்டத்தைக் கசியவிடும், 1.5 மில்லி ஆம்பியர் வரை இருக்கலாம். உங்கள் கார்டின் இன்புட் தடை 4.7 கிலோ ஓம் என்றால், அந்தக் கசிவே 7 வோல்ட்டைக் காட்டும். 24 வோல்ட் இன்புட்டில் 5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் ஆஃப் என்று உறுதி. 15-க்கு மேல் ஆன். இடைப்பட்ட இடத்தில் கார்டு எப்படியும் முடிவெடுக்கலாம். இன்புட்டுக்கும் மைனஸுக்கும் இடையே 2.2 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். 7 வோல்ட் சுமார் இரண்டாக இறங்கிவிடும். அடுத்த முறை கார்டு வாங்கும்போது ஐஇசி 61131-2 என்ற சர்வதேசத் தரத்தின் டைப் 3 இன்புட் என்று கேட்டு வாங்குங்கள். இந்தத் தொல்லையை மனத்தில் வைத்து வகுத்த வகை அது.

பவர் பிரஸ்ஸில் எமர்ஜென்சி பட்டனை ஒரு இன்புட்டில் கொடுத்து, புரோகிராமில் நிறுத்துகிறோம். நார்மலி ஓபன் கான்டாக்ட். நன்றாக வேலை செய்கிறது. இது போதும்தானே?
– கப்பலூர் தொழிற்பேட்டை வாசகர்

போதாது. இதை எத்தனை முறை எழுதவும் நான் தயார்.

முதலில் கான்டாக்ட். நார்மலி ஓபன் என்றால் பட்டனை அடிக்கும்போதுதான் மூடும்; நார்மலி க்ளோஸ்ட் எப்போதும் மூடியிருந்து, அடிக்கும்போது திறக்கும். எலி கடித்து வயர் அறுந்தாலும், டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்தாலும், நார்மலி ஓபன் கான்டாக்டில் பிஎல்சிக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் நலம் என்றே அது நம்பிக்கொண்டிருக்கும். அறுந்திருப்பது உங்களுக்குத் தெரியவரும் நாள், ஒருவர் உயிர் பதறிப் பட்டனை அடிக்கும் நாள். நார்மலி க்ளோஸ்ட் என்றால் வயர் அறுந்த நொடியே மெஷின் நிற்கும்.

அடுத்தது அவுட்புட். டிரான்சிஸ்டர் செத்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். ட்ரையாக்கும் அப்படியே. ரிலே ஒட்டிக்கொள்ளும். புரோகிராம் 'நிறுத்து' என்று கட்டளையிட்டாலும் கீழே கேட்க ஆள் இருக்காது. அதனால் எமர்ஜென்சி பட்டனின் இரண்டு நார்மலி க்ளோஸ்ட் கான்டாக்டுகள், பிஎல்சியை நம்பாமல் தானே நிறுத்தும் சேஃப்டி ரிலேக்குப் போக வேண்டும். சேஃப்டி ரிலே, தொடராக இருக்கும் இரண்டு கான்டாக்டர்களையும் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பெரிய ஸ்விட்சுகள்) வால்வுகளுக்குப் போகும் 24 வோல்ட்டையும் நேரடியாக வெட்ட வேண்டும். காற்று க்ளட்ச் உள்ள பிரஸ்ஸில் க்ளட்ச் வால்வே இரட்டை வால்வாக இருக்க வேண்டும். பிஎல்சிக்கு மூன்றாவது கான்டாக்ட் ஒன்றிலிருந்து செய்தி மட்டும் போதும். எமர்ஜென்சி என்றால் மின்சாரத்தை உடனே வெட்ட வேண்டும், அல்லது கட்டுப்பாட்டோடு நிறுத்திவிட்டு வெட்ட வேண்டும் என்கிறது ஐஇசி 60204-1. பட்டனைத் திருப்பி விடுவித்த மாத்திரத்தில் மெஷின் தானாக ஓடவும் கூடாது. தனியாக ஸ்டார்ட் கொடுத்த பிறகுதான் ஓட வேண்டும்.

கடிதத்தின் ஓரத்தில், 'பாதுகாப்புக் கதவு ஸ்விட்சை மட்டும் தற்காலிகமாக லூப் போட்டிருக்கிறோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நூற்பாலையில், பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினின் கதவு ஸ்விட்ச் இரவு ஷிப்டில் தகராறு செய்தது. உற்பத்தி நிற்கக் கூடாது என்று 24 வோல்ட்டிலிருந்து இன்புட் டெர்மினலுக்கு இரண்டு அங்குல வயரை லூப் போட்டார்கள். காலையில் எடுத்துவிடலாம் என்றார்கள். அந்த வாரம் வேறொரு வேலைக்காக அதே பேனலை நான் திறந்தேன். வயரைப் பார்த்தேன். யாரோ காரணமாகத்தான் போட்டிருப்பார்கள் என்று மூடிவிட்டேன். பதினோராவது நாள், பஞ்சைத் துடைக்கக் கதவைத் திறந்த பையனுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின. கதவு திறந்தது இன்புட் கார்டுக்குத் தெரியவில்லை; இரண்டு அங்குல வயர் அதை மறைத்துவிட்டது.

உங்கள் பேனலில் இருக்கும் லூப்பை இந்தப் பதிலைப் படித்த கையோடு எடுங்கள். ஸ்விட்ச் வரும்வரை பிரஸ் நிற்கட்டும். சோதனைக்காக லூப் போட்டே தீர வேண்டும் என்றால், மோட்டாரின் மெயினை ஆஃப் செய்து, பூட்டிட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போடுங்கள். முடிந்ததும் போட்டவரே எடுக்க வேண்டும்.

தோட்டத்துக் கிணற்றின் ஃப்ளோட் ஸ்விட்ச் 400 மீட்டர் தள்ளி இருக்கிறது. 230 வோல்ட் ஏசி இன்புட். ஸ்விட்ச் ஆஃப் ஆனாலும் கார்டில் விளக்கு மங்கலாக எரிகிறது. கார்டு போய்விட்டதா?
– சோழவந்தான் வாசகர்

கார்டு நன்றாக இருக்கிறது. 400 மீட்டர் கேபிளில் இரண்டு கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் அதுவே ஒரு கெப்பாசிட்டர். 230 வோல்ட் ஏசியில் அதன் வழியே மூன்று நான்கு மில்லி ஆம்பியர் வந்துவிடும். கார்டு ஏமாற அது போதும். ஃப்ளோட்டை 24 வோல்ட் டிசிக்கு மாற்றுங்கள். டிசியில் அந்தக் கெப்பாசிட்டர் ஒருமுறை நிரம்பியதும் ஓட்டம் நின்றுவிடும். அவ்வளவு தூரத்துக்கு 24 வோல்ட் போய்ச் சேருமா என்று பயப்படுகிறீர்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போய்வர 800 மீட்டருக்குச் சுமார் 10 ஓம்; இன்புட் இழுப்பது 5 மில்லி ஆம்பியர். இழப்பு பத்தில் ஒரு வோல்ட்கூட இல்லை, 0.05 வோல்ட். பயப்பட வேண்டியது ஐப்பசி இடிக்கு: இரண்டு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் போட்டு நல்ல எர்த் கொடுங்கள். மோட்டார் கேபிளோடு ஒரே குழாயில் இழுக்காதீர்கள்.

தீப்பெட்டி எண்ணும் சென்சாரில் ஆயிரத்துக்கு முப்பது நாற்பது குறைகிறது.
– சாத்தூர் வாசகர்

விநாடிக்கு 20 பெட்டி என்றால் ஒரு பெட்டிக்கு 50 மில்லி விநாடி. அதில் சென்சார் ஆன் ஆக இருப்பது 15 இருக்கலாம். இன்புட் ஃபில்டர் (சின்னத் துடிப்புகளை ஒதுக்கும் தாமதம்) 10, ஸ்கேன் (பிஎல்சி தன் புரோகிராமை ஒரு சுற்று ஓடும் நேரம்) 20 மில்லி விநாடி என்றால் சில பெட்டிகள் தப்பத்தான் செய்யும். ஸ்கேனுக்குக் காத்திராமல் எண்ணும் ஹைஸ்பீட் கவுன்டர் இன்புட்டுக்கு மாற்றி, அதன் ஃபில்டரைக் குறையுங்கள்.

கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு மேல் அவுட்புட்டுகள் தாமாக ஆஃப் ஆகின்றன. பேனல் கதவைத் திறந்து ஃபேன் வைத்தால் சரியாகிறது.
– வாடிப்பட்டி மில் எலக்ட்ரீஷியன்

வெளியே 40 டிகிரி என்றால் மூடிய பேனலுக்குள் 55, 60 வரும். பெரும்பாலான கார்டுகளின் எல்லையும் அதுதான். அந்தச் சூட்டில் எட்டு சேனலும் முழுச் சுமை தாங்காது. 24 வோல்ட் சப்ளையும் சூட்டில் தன் திறனைக் குறைத்துக்கொள்ளும், மதியம் அதையும் அளந்து பாருங்கள். கதவைத் திறந்துவைக்காதீர்கள். மில்லில் பறக்கும் பஞ்சு முழுவதும் கார்டின் காற்றுத் துளைகளில் போய் உட்காரும். துளை அடைத்துவிட்டால், வெயில் தணிந்த ஆடியிலும் இதே கோளாறு வரும். பேனலின் கீழே ஃபில்டரோடு ஃபேன், மேலே காற்று போக வழி வையுங்கள். வாரம் ஒருமுறை ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். சூடான ரெசிஸ்டர், டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) எதுவும் கார்டுக்கு நேர் கீழே இருந்தால் இடம் மாற்றுங்கள்.