வெண்புள்ளி உள்ள பிள்ளையும் வகுப்பறையும்: கேள்வி பதில்

வெண்புள்ளி உள்ள பிள்ளைகள் பள்ளியில் படும் கேலி, ஒதுக்கல் பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்டவை இவை. பதில் சொல்பவர் பள்ளி மனநல ஆலோசகர்.

என் மகள் நாலாவது படிக்கிறாள். உதட்டோரமும் கண்ணிமையிலும் வெள்ளை விழுந்திருக்கிறது. பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் அம்மா, "ஒட்டிக்கும், தள்ளி உட்காரு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். டீச்சரிடம் என்ன சொல்லட்டும் மேடம்?

ஒட்டாது. தொட்டாலும், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டாலும், ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தாலும் ஒட்டாது. தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே தவறுதலாக அழித்துவிடுவதால் வருவது இது. கிருமியே இல்லாதபோது பரவ என்ன இருக்கிறது? தொழுநோயோடும் இதற்குச் சம்பந்தம் இல்லை. தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி குறையும். வெண்புள்ளியில் தொட்டால் வழக்கம்போலவே தெரியும்.

டீச்சரிடம் வாய்வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். "இது தொற்றாது" என்று தோல் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி, வகுப்பாசிரியருக்கும் தலைமை ஆசிரியருக்கும் ஆளுக்கொரு நகல் கொடுங்கள். மகளின் இடத்தை மாற்றக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். சண்டை வேண்டாமே என்று பாதிக்கப்பட்ட பிள்ளையைத்தான் ஓரத்தில் உட்கார வைப்பார்கள். அந்த நிமிடமே மற்ற பிள்ளைகள் "அப்போ ஒட்டும்போல" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

ஆறாம் வகுப்பு ஆசிரியை நான். இதைப் பற்றிக் காலை பிரேயரில் பேசலாமா?

பிரேயரில் வேண்டாம். பெயரே சொல்லாவிட்டாலும் மொத்தப் பள்ளியும் திரும்பி அந்த ஒரு முகத்தைத்தான் பார்க்கும். வகுப்புக்குள் பேசுங்கள், அதுவும் அந்தப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்ட பிறகு. "நான் பேசும்போது நீ வகுப்பில் இருக்கணுமா, லைப்ரரிக்குப் போகணுமா, நீயே ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டு, அவள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். எதுவுமே பேச வேண்டாம் என்றால் பேச வேண்டாம். எட்டாவதுக்கு மேல் பலரும் அப்படித்தான் சொல்வார்கள்.

சம்மதித்தால் பத்து நிமிடம் போதும். அறிவியல் பாடத்தில் தோல் வரும்போது சேர்த்துக்கொள்வது இன்னும் நல்லது. எல்லோருடைய நிறத்துக்கும் மெலனின்தான் காரணம் என்று தொடங்கி, சிலருக்கு அதைச் செய்யும் செல்கள் சில இடங்களில் இல்லாமல் போகும், ஒட்டாது, வலிக்காது என்று சொல்லுங்கள். பிறகு பிள்ளைகளின் கேள்விகளுக்கு இடம் கொடுங்கள். "குளிச்சா போகாதா?" என்று ஒருவன் கேட்டால் அதட்டாமல் பதில் சொல்லுங்கள், அங்கே அடக்கிய கேள்வி மைதானத்தில் கேலியாக வெளிவரும். கையை நீட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். "பாவம்" என்ற சொல்லும் வேண்டாம். பரிதாபப்பட்டுப் பழகுகிறவர்கள் விளையாட்டுக்கு டீம் பிரிக்கும்போது அவளை மறந்துவிடுவார்கள்.

ஒன்பதாவது படிக்கிறேன் மேம். என் ஃப்ரெண்டுக்குப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். தட்டிக்கேட்டால் என்னையும் ஓட்டுவார்கள். என்ன செய்வது?

இதைக் கேட்டதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும் தம்பி. சுற்றி நிற்பவர்கள் கையில்தான் பெரும்பங்கு இருக்கிறது. கனடாவில் பள்ளிப் பிள்ளைகளைக் கேமராவில் கவனித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், சக மாணவர் ஒருவர் குறுக்கே வந்தபோது பாதிக்கும் மேற்பட்ட தடவை கேலி 10 விநாடிக்குள் நின்றிருக்கிறது.

குறுக்கே போவது என்றால் சண்டை போடுவது இல்லை. முதலில், சிரிக்காதே. பட்டப்பெயர் வைப்பவனுக்கு வேண்டியதே அந்தச் சிரிப்புதான். அடுத்து, அவனிடம் பேசாமல் நேராக உன் நண்பனிடம் போய், சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "வாடா, கிரவுண்டுக்குப் போலாம்" என்று அழைத்துப் போய்விடு. தனியாகப் பயமாக இருந்தால் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்; மூன்று பேரை ஓட்டுவது கஷ்டம். அடியோ மிரட்டலோ இருந்தால் உடனே ஆசிரியரிடம் போ. யார், எங்கே, எப்போது, என்ன சொன்னான் என்று நாலு விவரமும் சொல்லு. அது போட்டுக்கொடுப்பது ஆகாது.

நண்பனிடம் தினமும் புள்ளியைப் பற்றி விசாரிக்காதே. கிரிக்கெட் பேசு, ஹோம்வொர்க் கேளு.

கேலி செய்தது என் மகன்தான் என்று பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். வீட்டில் இரண்டு அடி போட்டேன். சரிதானே?

அடி வாங்கியவன் அந்தக் கோபத்தை மறுநாள் அதே பிள்ளையிடம்தான் காட்டுவான். உட்கார வைத்து, என்ன சொன்னான் என்பதை வார்த்தை மாறாமல் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போதே குரல் இறங்கும். வீட்டில் "கறுப்பா இருக்கா", "பொண்ணு கலர் கம்மி" என்ற பேச்சு ஓடுகிறதா என்றும் பாருங்கள். தோலைப் பார்த்து ஆளை எடைபோட அங்கேதான் கற்கிறார்கள்.

எல்லோர் முன்னாலும் கைகுலுக்கி மன்னிப்புக் கேட்க வைக்கப் பள்ளி முயன்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துச் சமாதானம் பேசுவது சமபலம் உள்ளவர்களின் சண்டைக்குத்தான் சரி. இங்கே தனித்தனியாகப் பேச வேண்டும். உங்கள் மகன் செய்ய வேண்டியது அந்தப் பெயரை விடுவது, மற்றவர் சொல்லும்போது சேர்ந்து சிரிக்காமல் இருப்பது. இரண்டு வாரம் கழித்து ஆசிரியரிடம் நீங்களே போய் விசாரியுங்கள்.

யாராவது "மூஞ்சில என்னது?" என்று கேட்டால் என் பிள்ளை உறைந்துபோகிறான்.

ஒரே ஒரு வரி பழக்குங்கள்: "இது வெண்புள்ளி, ஒட்டாது. நீ பேட்டிங்கா, பௌலிங்கா?" பதிலும் பேச்சு மாற்றமும் சேர்ந்தே வர வேண்டும். வீட்டில் நீங்கள் கேட்பவராக நடித்து, யோசிக்காமல் வாயில் வரும்வரை சொல்லிப் பார்க்க வையுங்கள். பதிலே சொல்லாமல் நகர்ந்து போகவும் அவனுக்கு உரிமை உண்டு, அதையும் சொல்லிக்கொடுங்கள்.

மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்கிறார் மாமியார்.

இல்லை. அதற்காகப் பத்தியம் போட வேண்டாம். சத்துணவு வரிசையில் முட்டை கூடாது, தயிர் கூடாது என்று தனியே நிற்க வைப்பதும் ஒதுக்கல்தான்.

பி.டி. வகுப்பில் விடலாமா?

கட்டாயம் விடுங்கள். வெள்ளைத் திட்டு வெயிலில் சீக்கிரம் சிவந்து எரியும். எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை வெளியே போக 15 நிமிடம் முன்பு பூசுங்கள், வியர்த்தால் மறுபடி பூச வேண்டும். தொப்பி போட ஆசிரியரிடம் அனுமதி வாங்குங்கள். சிராய்ப்பும் உராய்வும் உள்ள இடத்தில் புதுப் புள்ளி வரலாம் என்பதால் கபடி, கோகோவுக்கு முட்டி உறை நல்லது. ஷூவும் பெல்ட்டும் இறுக்கக் கூடாது.

இரண்டு முறை சொல்லியும் பள்ளி கண்டுகொள்ளவில்லை.

இனி எழுத்தில் கொடுங்கள். தேதி, இடம், சொன்ன சொல், பார்த்தவர் என்று ஒவ்வொரு சம்பவத்தையும் குறித்து, தலைமை ஆசிரியரிடம் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் வையுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகள் உதவி எண் 1098, பிள்ளையே கூப்பிடலாம், கட்டணம் இல்லை. கேலி செய்வது ஆசிரியர் என்றால், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள். பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தாலோ, "செத்துப் போகலாம்போல இருக்கு" என்றாலோ புகாரின் பதிலுக்காகக் காத்திருக்காமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.