அட்வான்ஸ் கேட்டா பாஸ்போர்ட் கேக்கறாங்க: கல்ஃப் ஸ்கூல் டீச்சர்ஸ் கேள்வி பதில்

ஷார்ஜாவுல ஸ்கூல் ஆபீஸ்ல விசா, லேபர் கார்டு வேலையெல்லாம் ரொம்ப வருஷம் பார்த்தவ நான். வக்கீல் இல்ல, அதனால கோர்ட் வரைக்கும் போன கேஸ்னா கண்டிப்பா வக்கீலைப் பாருங்க. மத்தபடி கேளுங்க.

சுபா, அபுதாபி: அக்கா, வீட்டு வாடகைக்கு 15,000 திர்ஹம் அட்வான்ஸ் கேட்டேன். தர்றோம், லோன் முடியற வரைக்கும் பாஸ்போர்ட் எங்க லாக்கர்ல இருக்கட்டும்னு ஹெச்.ஆர். சொல்றாங்க. குடுக்கலாமா?

குடுக்காதீங்க மா. 2022 பிப்ரவரில இருந்து அமலுக்கு வந்த ஐக்கிய அரபு எமிரேட்ஸ் லேபர் சட்டம் (2021ஆம் வருஷத்து 33ஆம் நம்பர்) 13ஆவது பிரிவுல வேலை செய்றவங்களோட டாக்குமெண்ட்டை முதலாளி பிடிச்சு வைக்கக்கூடாதுன்னு தெளிவா இருக்கு. நம்ம பக்கமும் 1967 பாஸ்போர்ட் சட்டம் 17ஆவது பிரிவுப்படி பாஸ்போர்ட் மத்திய அரசோட சொத்து, உங்க பேரு போட்டிருக்குன்னு அதை நீங்க அடகு வைக்க முடியாது. பேங்க்ல லோன் எடுத்திருப்பீங்களே, எந்த பேங்க்காவது ஒரிஜினலை வாங்கி வச்சுதா? காப்பிதான் வாங்குவான்.

இன்னொன்னு, ஸ்கூலுக்கு செக்யூரிட்டி ஏற்கனவே இருக்கு. உங்க சம்பளம் அவங்க கையில, வேலையை விடும்போது தர்ற கிராஜுவிட்டியும் அவங்க கையில (முதல் அஞ்சு வருஷம் வரைக்கும், வருஷத்துக்கு 21 நாள் பேசிக் சம்பளம்). லோனை சம்பளத்துல பிடிக்க சட்டமே வழி குடுக்குது, நீங்க எழுதிக் குடுத்து சம்மதிக்கணும், வட்டி போடக்கூடாது, மத்த பிடித்தமும் சேர்ந்து வந்தா மொத்தம் சம்பளத்துல பாதியைத் தாண்டக்கூடாது. "மாசம் இவ்வளவு பிடிச்சுக்கோங்க"ன்னு நீங்களே ஒரு லெட்டர் எழுதி எடுத்துட்டுப் போங்க. பேப்பரோட போனா ஹெச்.ஆர்.காரங்க பேச்சே மாறும், நான் அந்த சீட்ல உக்காந்து பார்த்திருக்கேன்.

பெயர் வேண்டாம்: நான் ஏற்கனவே "என் விருப்பத்தோட தர்றேன்"னு கையெழுத்து போட்டுட்டேனே?

போட்டா என்ன, திருப்பிக் கேக்கற உரிமை போயிடாது. வாய்ல கேக்காம ஈமெயில்ல கேளுங்க, பதில் வரலன்னா அந்த மௌனமும் உங்களுக்கு சாட்சி.

ஃபாத்திமா: எங்க அக்கா எமிரேட்ஸ்ல இருக்காங்க. விசா அடிக்கணும்னு அவங்க பாஸ்போர்ட்டை வாங்கினாங்களாம், ஆறு மாசமா தரல, கேட்டா இன்னும் ப்ராசஸ்ல இருக்காம்.

பொய். 2022லயே பாஸ்போர்ட்ல விசா ஸ்டிக்கர் ஒட்டறதை எமிரேட்ஸ் நிறுத்திட்டாங்க, எமிரேட்ஸ் ஐடிதான் இப்ப ரெசிடன்ஸிக்கு ஆதாரம். ஐடி கையில வந்துடுச்சுன்னா ப்ராசஸ் முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

ரமேஷ், ராஸ் அல் கைமா: மேடம் நான் லோனே வாங்கல. விசா, டிக்கெட், மெடிக்கல் எல்லாம் சேத்து 7,000 திர்ஹம் உங்க கணக்குல கடன்னு எழுதி, அது கழியற வரைக்கும் பாஸ்போர்ட் கிடையாதுங்கறாங்க.

இதுதான் எல்லாத்துலயும் மோசம், ஏன்னா கடன்னே சொல்ல முடியாது. வேலைக்கு எடுக்கற செலவை நேராவோ சுத்தி வளைச்சோ வேலைக்காரங்ககிட்ட வசூலிக்கக்கூடாதுன்னு அதே சட்டத்துல 6ஆவது பிரிவுல இருக்கு. நீங்க ஒரு திர்ஹம்கூட கடன் வாங்காம கடன்காரர் ஆக்கப்பட்டிருக்கீங்க, அதுக்கு மேல பாஸ்போர்ட்டும் பிடிச்சாச்சு. சர்வதேச தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு 11 அடையாளம் சொல்லுது, அதுல அடையாள டாக்குமெண்ட்டை பிடிச்சு வைக்கறதும் ஒண்ணு, கடன்ல கட்டிப் போடறதும் ஒண்ணு. மனிதவள அமைச்சகத்துல கம்ப்ளெயின்ட் போடுங்க, 7,000ன்னு எழுதின பேப்பர் இருந்தா போட்டோ எடுத்து வைங்க.

விஜி, துபாய்: அம்மா ஐசியூல இருக்காங்க அக்கா. லோன் பாக்கி 4,000 கட்டினாதான் பாஸ்போர்ட்னு சொல்லிட்டாங்க. தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி புதுசு எடுத்துடலாமான்னு ஃப்ரெண்ட் சொல்றா.

அந்த தப்பை மட்டும் பண்ணிடாதீங்க! எங்க இருக்குன்னு தெரிஞ்சும் தொலைஞ்சுதுன்னு போலீஸ்லயும் கான்சுலேட்லயும் எழுதிக் குடுத்தா அது பொய் வாக்குமூலம், இதுவரைக்கும் தப்பு ஸ்கூல் பக்கம் இருந்தது, அப்புறம் உங்க பக்கமும் வந்துடும். உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. இன்னைக்கே இந்தியக் கான்சுலேட்டோட உதவி மையமான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவுக்கு 800 46342ல கூப்பிடுங்க, ஆஸ்பத்திரி லெட்டரையும் ஸ்கூலுக்கு அனுப்பின ஈமெயிலையும் காட்டுங்க. கான்சுலேட்ல இருந்து ஒரு போன் போனாலே பல ஸ்கூல்ல லாக்கர் சாவி கிடைச்சுடும். அப்படியும் தரலன்னா பாஸ்போர்ட்டுக்கு பதிலா எமர்ஜென்சி சர்டிஃபிகேட் கேக்கலாம், ஆனா அது இந்தியாவுக்கு ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும்தான், திரும்பி வேலைக்கு வர்றதா இருந்தா அதை கடைசி வழியா வைங்க. இந்திய வெளியுறவு அமைச்சகத்தோட மதத் (MADAD) புகார் வெப்சைட்லயும் புகார் பதிஞ்சு நம்பர் வாங்கிடுங்க. 4,000 கடன் கடன்தான், அது எங்கயும் போகாது, வந்து கட்டலாம். அம்மா சீக்கிரம் குணமாகட்டும்.

செந்தில்: பாஸ்போர்ட்டோட பிளாங்க் செக்கும் வாங்கியிருக்காங்க. பவுன்ஸ் ஆனா ஜெயிலா?

பணமில்லாம செக் திரும்பினா முன்ன மாதிரி நேரா கிரிமினல் கேஸ் ஆகாது, 2022 ஜனவரில அது மாறிடுச்சு. ஆனா செக்கை வச்சு, பணத்தை வசூலிச்சுக் குடுக்கற எக்ஸிக்யூஷன் கோர்ட்டுக்கு அவங்க நேரா போகலாம். கடன் 10,000 திர்ஹமோ அதுக்கு மேலயோ இருந்தா, நீங்க நாட்டை விட்டுப் போக முடியாம டிராவல் பேன் கேக்கவும் வழி உண்டு. கவனிங்க, கடன்காரன் ஓடிடுவான்னு பயந்தா அதுக்கு கோர்ட் இருக்கு, லாக்கர் எதுக்கு? தொகை எழுதாத செக் மட்டும் யாருக்கும் குடுக்காதீங்க.

தர்ஷினி, தோஹா (மட்டக்களப்பு): அக்கா, கத்தார்ல சட்டம் எப்படி? எங்கட ஸ்கூல்லயும் இதே கதைதான்.

2015ஆம் வருஷத்து 21ஆம் நம்பர் சட்டம் 8ஆவது பிரிவு. ரெசிடன்ஸி பதியற வேலை முடிஞ்சதும் பாஸ்போர்ட்டை திருப்பிக் குடுத்துடணும், மீறினா 25,000 ரியால் வரைக்கும் ஃபைன். ஆனா "நீங்களே வச்சிருங்க"ன்னு நீங்க எழுதிக் குடுத்தா அவங்க வச்சுக்கலாம்னு அங்க ஒரு ஓட்டை இருக்கு தங்கச்சி, அதனால அங்க கையெழுத்து விஷயத்துல இன்னும் உஷாரா இருங்க. கேட்டா உடனே தரணும்.

கார்த்திக்: அமெரிக்காவுல இதெல்லாம் நடக்காதுல்ல?

நடந்திருக்கு. லூசியானா ஸ்கூல்களுக்கு 2007ல இருந்து பிலிப்பைன்ஸ் டீச்சர்கள் நூத்துக்கணக்குல போனாங்க, அடுத்த தவணை ஃபீஸ் கட்டற வரைக்கும் ஏஜென்சி பாஸ்போர்ட்டை பிடிச்சு வச்சிருந்ததுன்னு கேஸ் போட்டாங்க. 2012 டிசம்பர்ல ஜூரி அவங்களுக்கு 45 லட்சம் டாலர் குடுக்கச் சொல்லித் தீர்ப்பு சொல்லுச்சு.

பெயர் வேண்டாம்: எங்க வீட்ல சண்டை போடாத, கான்ட்ராக்ட் ரென்யூ பண்ண மாட்டாங்கன்னு சொல்றார். பயமா இருக்கு.

அவர் சொல்றதுல நியாயம் இருக்கு, சட்டம் நம்ம பக்கம்னாலும் அடுத்த வருஷ டைம்டேபிள் அவங்க கையில. புகார் போடறதுக்கு முன்னாடி சாதாரணமா கேட்டுப் பாருங்க. ஜூலை லீவுக்கு எல்லாருக்கும் திருப்பித் தருவாங்க, அப்ப வாங்கிட்டா திரும்பக் குடுக்காம இருக்கறதுதான் உங்க வேலை. ஸ்கூல் திறந்து கேட்டா காப்பி குடுங்க. வாங்கும்போது ரெஜிஸ்டர்ல கையெழுத்து கேப்பாங்க, தேதி போட்டு கையெழுத்து போடுங்க, "திருப்பி ஒப்படைக்கும் நாள்"னு ஒரு கட்டம் இருந்தா அதுல ஒரு கோடு இழுத்துட்டு வந்துடுங்க.