சென்னை–சிங்கப்பூர்: டிக்கெட்டில் ஆறேமுக்கால் மணி, உண்மையில் நாலேகால்

கேள்வி: சர்க்கரைக்கு மாத்திரையும் இரவில் இன்சுலினும் எடுக்கும் என் அம்மா, முதல் தடவையாகத் தனியாக சிங்கப்பூரில் தங்கை வீட்டுக்குப் போகிறார். டிக்கெட்டில் சென்னையில் இரவு 11.00க்குப் புறப்பாடு, அங்கே காலை 5.45க்கு இறக்கம். திரும்பும்போது இரவு 8.00க்குக் கிளம்பி 9.40க்கே சென்னை வந்துவிடுமாம். ஒரே தூரத்துக்கு இது எப்படி? விமானத்தில் எத்தனை மணி நேரம் இருப்பார்?

பதில்: போகவும் வரவும் ஏறக்குறைய ஒரே நேரம்தான். டிக்கெட்டில் அந்தந்த ஊர் மணியைத்தான் போடுவார்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும் கணக்கில் அதைக் கழியுங்கள்: நாலேகால் மணி. வரும் கணக்கில் கூட்டுங்கள்: 4 மணி 10 நிமிடம். (பழைய ஆட்கள் யாராவது வித்தியாசம் இரண்டு மணிதான் என்றால் சண்டைக்குப் போக வேண்டாம். 1982 பிறக்கும்போதுதான் சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது.)

நேர்கோட்டுத் தூரம் சுமார் 2,900 கி.மீ. வங்கக்கடலையும் அந்தமான் கடலையும் தாண்டி மலாக்கா நீரிணைப் பக்கமாக இறங்கும் வழி. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் பறந்தால் மூன்றரை மணிகூட ஆகாது. ஆனால் அட்டவணை நேரம் என்பது இந்த ஊர் கேட்டில் விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து அந்த ஊர் கேட்டில் நிற்கும்வரை. ரன்வேக்குப் போகும் நேரம், மெதுவாக ஏறி இறங்கும் நேரம், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்க வரிசையில் காத்திருக்கும் நேரம் எல்லாம் அதில் அடக்கம். தாமதம் என்ற பெயர் வராதிருக்க, விமான நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போடுவதும் உண்டு. பதினைந்து நிமிடம் முன்னதாக இறங்கினால் ஆச்சரியப்படாதீர்கள்.

காற்றும் ஒரு காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றோட்டம் பாயும். நம் வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1950களில் ஆராய்ந்து எழுதியது இதைத்தான். அந்த மாதங்களில் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. சில நிமிடங்கள் கூடும், குறையும், அவ்வளவுதான்.

அம்மா விஷயத்துக்கு வருவோம். விமானம் இறங்கும்வரை கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் 5.45 என்றால் அவர் உடம்புக்கு அது அதிகாலை 3.15. உடனே காலைச் சாப்பாடு, காலை மாத்திரை என்று தங்கை அவசரப்படுத்தக்கூடாது. இன்சுலின் நேரத்தை எப்படி நகர்த்துவது என்பதை மட்டும் அவருடைய டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும். சரக்கறையில் போடும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து கெடலாம்.

பின்னால் பயணத் தேதி மாற்றி, நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானத்துக்குப் போனால் இன்னொரு ஜாக்கிரதை: 15ஆம் தேதி 00.30 என்றால் 14ஆம் தேதி இரவே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். இதில் ஏமாந்து விமானத்தைத் தவறவிடுபவர்கள் ஏராளம்.

தங்கை 5.45க்கே வாசலில் நிற்க வேண்டியதில்லை. குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடிந்து அம்மா வெளியே வர எப்படியும் ஆறரை ஆகும்.