சிறு தொழில் செய்பவர்களே, பண விஷயத்தில் நீங்கள் எடுத்த மிக மோசமான முடிவு எது?

பத்து வட்டிக்குக் கடன் வாங்கி, அந்தப் பணத்தை இன்னொருவருக்கு வட்டியே இல்லாமல் கடனாகக் கொடுத்தேன். கொடுக்கும்போது அது கடன் என்றே எனக்கு உறைக்கவில்லை. ‘பெரிய ஆர்டர் பிடித்துவிட்டேன்’ என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் நைட்டி தைக்கிறோம். 2015இல் இரண்டு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷினோடு ஆரம்பித்தது. அதற்கு முன் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் ஒன்பது வருஷம் சேல்ஸ்மேனாக இருந்தேன். எந்தத் துணி சாயம் போகும், எந்த மாதம் எந்தச் சரக்கு ஓடும், பேரம் பேசுபவரை எந்த இடத்தில் மடக்கலாம் எல்லாம் அத்துப்படி. பணம் எப்படிப் போய் வருகிறது என்பது மட்டும் தெரியாது. அதைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி பார்த்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தண்டல் என்றால் விளக்கவே வேண்டாம். மற்றவர்களுக்காக: பத்தாயிரம் என்று பேசி, 1,500 ரூபாயை முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஒரு அட்டை கொடுப்பார்கள், கட்டக் கட்ட அதில் கையெழுத்து விழும். ஜாமீன் கேட்பதில்லை, அலைச்சலும் இல்லை, பத்து நிமிஷத்தில் பணம் கைக்கு வந்துவிடும். அதிக வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்துவிட்டது. வசூல்காரர் பட்டப்பகலில்தான் வண்டியில் வருகிறார்.

எனக்குத் தண்டல்மேல் பயம் இல்லாததற்குக் காரணம் என் அம்மா. காசிமேட்டில் இட்லிக் கடை போட்டிருந்தார். நான் படித்ததே அந்த அட்டைகளின் தயவில்தான். விடியற்காலை கடலுக்குப் போகிறவர்களும் ஏலத்துக்கு வருகிறவர்களும் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுத்துவிடுவார்கள். காலையில் போட்ட பணம் பத்து மணிக்குள் லாபத்தோடு கைக்குத் திரும்பிவிடும். மீன் எடுத்துக் கூடையில் விற்கிற அக்காமார்களுக்கும் அப்படித்தான், ஒரே ரூபாய் மாதத்தில் இருபத்தைந்து தடவை சுற்றி வரும். தினம் காசு பார்க்கிற தொழிலுக்குத் தினம் கட்டுகிற கடன். மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் அம்மா திணறுவார். அப்போது அது 45 நாள். 2017இலிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். போட் கரையில் நிற்கும், தண்டல்காரர் மட்டும் வந்துகொண்டே இருப்பார். சின்ன வயதில் நான் அதைப் பார்த்திருக்கிறேன், பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

2018 ஆகஸ்ட் கடைசியில் ஒரு பெரிய கடைக்காரர் கூப்பிட்டார். தீபாவளிக்கு நானூறு பீஸ் வேண்டும், விலை 175 ரூபாய், பணம் தீபாவளி முடிந்ததும். அதுவரைக்கும் நான் சின்னக் கடைகளுக்கு இருபது, முப்பது என்று போட்டுக்கொண்டிருந்தவன். நானூறு என்றதும் தலைகால் புரியவில்லை. மனதுக்குள்ளேயே 70,000 என்று பெருக்கிவிட்டேன். அந்த எழுபதாயிரம் எனக்கு எப்போது வரும் என்பதைக் கேட்கவே தோன்றவில்லை. ‘தீபாவளி முடிந்ததும்’ என்பது ஒரு தேதியா? தீபாவளி முடிந்து பொங்கலும் வரும், அதற்கு அப்புறம் அடுத்த தீபாவளியும் வரும்.

அப்போது ஒரு நைட்டிக்கு எனக்கு அடக்கம் 152 ரூபாய். மூன்று மீட்டர் துணி 126, தையல் கூலி 14, கட்டிங், ஜிப், பைப்பிங், கவர் எல்லாம் சேர்த்து 12. நானூறுக்கு 60,800 வேண்டும். கையில் 9,800 இருந்தது. மீதிக்கு அறுபதாயிரம் தண்டல் போட்டேன். பிடித்தது போக 51,000 வந்தது. கணக்குக் கச்சிதமாகப் பொருந்தியதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது, சிரிக்காதீர்கள். மறுநாளே கோடவுன் தெருவுக்குப் போய் ரொக்கம் கொடுத்துத் துணி எடுத்தேன்.

செப்டம்பர் முழுக்க ராத்திரி பதினோரு மணி வரை மெஷின் ஓடியது. கீழ்வீட்டுப் பெரியவர் இரண்டு தடவை மேலே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். அக்டோபர் முதல் வாரம் சரக்கு முழுவதும் போய்ச் சேர்ந்தது. இதற்கிடையில் தினம் 600 ரூபாய் தண்டல். சரக்குப் பணம் வராததால் சின்னக் கடைகள் கொடுத்த காசை எடுத்து அதில் கட்டினேன். அந்தக் காசு அடுத்த வாரத் துணிக்கு வைத்திருந்தது. துணி வாங்க முடியாமல் போனதும் சின்னக் கடைகளுக்குச் சரக்குக் குறைந்தது. சனிக்கிழமை கூலி கொடுக்க மனைவியின் சீட்டுப் பணத்தில் கை வைத்தேன். பெரிய ஆர்டர் எடுத்தவன் நான். ஆனால் வீட்டில் பால்காரருக்கு ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்ல வேண்டியிருந்தது.

அறுபதாவது நாள் வசூல்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, கஷ்டப்படாத. புதுசா அறுபதாயிரம் போட்டுக்கலாம். பழைய பாக்கி இருபத்திநாலு கழிச்சிட்டு இருபத்தியேழு கையில தரேன்.”

எனக்கு அது கடவுளே நேரில் வந்து சொன்னமாதிரி இருந்தது. தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருந்தது, கையில் 27,000 வந்தால் கூலியும் போனஸும் கொடுத்துவிடலாம். சரி என்று சொல்லப் போனேன். மெஷினிலிருந்து எழுந்து வந்த மனைவி, “நாளைக்கு சொல்றோம்ணே” என்று அவரை அனுப்பிவிட்டாள்.

அன்றைக்கு ராத்திரி தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு முன் பில் போடுகிற வேலையில் இருந்தவள்.

“ஒரு நைட்டிக்கு நமக்கு இன்னா நிக்குது?”

“இருபத்திமூணு.”

“தண்டலுக்குப் புடிச்சது ஒம்பதாயிரம். நானூறு நைட்டி. ஒரு நைட்டிக்கு எவ்ளோ?”

நான் செல்போனில் போட்டுப் பார்த்தேன். 22 ரூபாய் 50 காசு.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: “அம்பது காசுக்காயா ராத்திரி பதினோரு மணி வரிக்கும் நாலு பேரு தெச்சோம்?”

நானூறு நைட்டிக்கும் சேர்த்து 200 ரூபாய். பிரியாணி வாங்கினால்கூட நாலு பேருக்குக் காணாது.

அவள் அதோடு விடவில்லை. புது அட்டை போட்டால் மறுபடியும் 9,000 பிடிப்பார்கள். ஆனால் பழைய அட்டையில் நூறு நாளுக்கும் வட்டி முன்னாலேயே போயாகிவிட்டது. மீதி நாற்பது நாளுக்கு ஏற்கெனவே வட்டி கட்டிய அதே 24,000 ரூபாய்க்கு இன்னொரு தடவை வட்டி கட்டப்போகிறோம். உண்மையில் கையில் வரும் 27,000 ரூபாய்க்கு 9,000 பிடித்தம், அதாவது மூன்றில் ஒரு பங்கு. ‘கையில் எவ்வளவு வருகிறது’ என்று மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. அவர் அதை மறைக்கவும் இல்லை, நான்தான் கேட்கவில்லை.

தண்டல் பத்து வட்டி என்று முதல் வரியில் சொன்னேன் அல்லவா, அதற்கும் கணக்கு இதுதான். 8,500க்கு 1,500 வட்டி என்றால் நூறு நாளுக்குப் பதினெட்டு சதவீதத்துக்குள் வருகிறமாதிரி தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறோம். சராசரியாகப் பார்த்தால் நம் கையில் இருப்பது பாதிப் பணம்தான். அந்தப் பாதிக்கு 1,500 என்று போட்டுப் பாருங்கள், நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் பக்கம் வரும். வருஷத்துக்கு 120 சதவீதம். நான் அந்தப் பணத்தை எடுத்துப்போய் ஒரு பெரிய கடைக்காரருக்கு, அவர் ஏசி போட்ட கடைக்கு, வட்டியில்லாமல் கொடுத்துவைத்திருந்தேன்.

பழைய தண்டலை முன்கூட்டி அடைத்தாலும் வட்டி ஒரு பைசா குறையாது என்பதால் அதைத் தினம் 600 கட்டியே முடித்தோம். கூலிக்கும் துணிக்கும் அவள் வளையல் இரண்டையும் ஒரு வங்கியில் வைத்து 27,000 வாங்கினோம். வட்டி மாதம் 270 ரூபாய் சொச்சம். தண்டல்காரர் 9,000 கேட்ட அதே தொகை. வளையலை வைக்க எனக்குத்தான் மானம் போவதுபோல இருந்தது. அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. “பீரோல கெடந்தா குட்டியா போடும்?” என்றாள்.

கடைக்காரர் பணம் பொங்கலுக்கு அப்புறம், ஜனவரி மூன்றாவது வாரம், மூன்று தவணையாக வந்தது. 18 பீஸ் திரும்பி வந்தது, ஜிப் சரியில்லையாம். மீதியில் 850 ரூபாயைக் ‘கணக்கை ரவுண்டு பண்ணிக்கலாம்’ என்று வெட்டிவிட்டு 66,000 கொடுத்தார். அடக்கம் 60,800, தண்டல் 9,000. என் வாழ்க்கையின் முதல் பெரிய ஆர்டரில் 3,800 ரூபாய் கைநஷ்டம். திரும்பி வந்த நைட்டிகளை மனைவி தெருவிலேயே 120க்கு விற்றுக் கொஞ்சம் ஈடுகட்டினாள். அவர்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. நான் கேட்காததை அவர் ஏன் கொடுக்கப் போகிறார்?

அப்புறம் என்ன மாற்றினேன் என்று கேட்டால், ஒரே நாளில் திருந்திவிடவில்லை. முதலில் வங்கிக் கடனுக்கு அலைந்தேன். முத்ரா என்கிற மத்திய அரசின் சிறு தொழில் கடன் திட்டத்தில் சிசு பிரிவு என்று 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கொடுக்கிறார்கள். போன முதல் கிளையில் ‘என்ன அடமானம் வைக்கிறீங்க’ என்றுதான் கேட்டார்கள். அது விதியில் இல்லை என்று சொல்லத் தைரியம் இல்லாமல் திரும்பிவிட்டேன். இரண்டாவது கிளையில் உட்காரவைத்துப் பேசினார்கள், ஆனால் பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்கள்: “தொழில் பண்றேங்கறீங்க, வரவே காணோமே?” எல்லாம் ரொக்கம். வரும், சட்டைப் பையில் போகும், செலவாகும். நான் தொழில் செய்வதற்கு என் சட்டைப் பையைத் தவிர வேறு சாட்சி இல்லை. அன்றிலிருந்து கடைக்காரர்கள் கொடுக்கிற பணத்தை, ஐந்நூறு ஆனாலும் சரி, கணக்கில் போட்டுவிட்டுத்தான் எடுப்பது. ஒரு வருஷம் கழித்து அதே கிளையில் கடன் கிடைத்தது.

அதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. 2020 மார்ச்சில் தண்டல் அட்டை எதுவும் வீட்டில் இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு லேசாகும். வங்கிக் கடன்களுக்கு ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதி வந்தது. தண்டலுக்கு எந்த ரிசர்வ் வங்கி அறிவிக்கும்? நாங்கள் கட்டிங்கில் மிஞ்சிய துணியில் மாஸ்க் தைத்து ரொக்கத்துக்கு விற்று அரிசி வாங்கினோம்.

சிறு தொழில்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கிற உத்யம் பதிவு பற்றியும் சொல்ல வேண்டும். 2020 ஜூலையிலிருந்து ஆதாரை வைத்து நாமே இணையத்தில் செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. தெரிந்தவர் ஒருவர் இதற்குப் புரோக்கரிடம் 1,500 கொடுத்தார், பாவம். பதிவு செய்த சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். கேட்க நன்றாக இருக்கும். அதைக் காட்டிப் புகார் கொடுத்தால் பணம் வரலாம், அந்தக் கடை போய்விடும். 2024 ஏப்ரலிலிருந்து இந்தக் கெடு தாண்டிய பாக்கியை, கொடுத்து முடிக்கும்வரை கடைக்காரர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று வந்ததும், ஒரு கடைக்காரர் என்னிடமே கேட்டார்: “உத்யம் போட்டிருக்கியா? அப்ப இந்த வாட்டி வேணாம்ப்பா.” அதனால் நான் சட்டத்தை நம்பி இருப்பதில்லை. என் விலையிலேயே வைத்துவிட்டேன்.

எப்படி என்றால், இப்போது எல்லாருக்கும் இரண்டு விலை சொல்கிறேன். ரொக்கத்துக்கு ஒன்று, 45 நாள் கடனுக்குப் பீஸுக்கு எட்டு ரூபாய் கூட. கேட்டதும் முகம் சுளிப்பார்கள். நாலு பேர் விட்டுப் போனார்கள். மற்றவர்கள் சுளித்துக்கொண்டே வாங்குகிறார்கள்.

போன தீபாவளிக்கு முன்னால் அதே பெரிய கடைக்காரர் மறுபடியும் கூப்பிட்டார். முந்நூறு பீஸ், ‘பழைய மாதிரியே’ என்றார். நான் இரண்டு விலையையும் சொன்னேன். போனில் கால்குலேட்டர் தட்டுகிற சத்தம் கேட்டது. எட்டு ரூபாய், முந்நூறு பீஸ், 2,400.

“ரொக்கமாவே போட்டுடறேன், சரக்க அனுப்பு” என்றார்.

நைட்டி மூட்டையை ஆட்டோவில் ஏற்றிவிட்டு மாடிப்படி ஏறுவதற்குள் போன் அடித்தது. பணம் கணக்கில் ஏறியிருந்தது. மனைவியிடம் காட்டினேன். “அன்னைக்கும் இருந்திருக்கு பாரு அந்த ஆள்கிட்ட” என்று சொல்லிவிட்டு ஊசியில் நூலைக் கோத்தாள்.